பின்னால் வரும் மூன்று டன்

கோடை பிறந்ததும் வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிக்கப் வண்டிகளின் பின்னால் பெட்டி வீடுகள் கிளம்பிவிடும். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் உள்ளே அடங்கிய பயண டிரெய்லர்கள் அவை. இரண்டு அச்சுகள் கொண்ட நடுத்தர டிரெய்லர் ஒன்று, சாமான் ஏற்றிய பிறகு மூன்று டன்னைத் தொட்டுவிடும். இழுக்கிற வண்டியின் பிரேக் அந்த வண்டியை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது; பின்னால் வருகிற மூன்று டன்னையும் அதன் தலையிலேயே கட்ட முடியாது. அதனால்தான் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் பிரேக் வைக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது பெரும்பாலும் மின்சாரத்தால் இயங்கும் டிரம் பிரேக்.

அதை இயக்குவது ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில் பொருத்தப்படும் கன்ட்ரோலர் என்ற சிறு கருவி. அதன் திரையில் ஓர் எண் ஒளிரும். சில கருவிகளில் அது வோல்ட், சிலவற்றில் பத்துக்கு இத்தனை என்ற அளவு. எண் பெரிதானால் பின்னால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று பெரும்பாலானவர்கள் நம்பிவிடுகிறார்கள். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கையிலிருந்து முளைப்பவை என்பது என் கருத்து. கன்ட்ரோலர் எவ்வளவு அனுப்ப முயல்கிறது என்பதுதான் திரையில் தெரியும். அது சக்கரம்வரை போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த மின்சாரம் காந்த விசையாக மாறியதா, அந்த விசை டிரம்மின்மேல் உராய்வாக மாறியதா என்ற மூன்று கேள்விகளுக்கும் திரையில் விடை கிடையாது. டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

இந்த பிரேக்கின் வேர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெலாய்ட் நகரில் இருக்கிறது. வாகன வேகமானியை உருவாக்கிப் பெயர் பெற்ற ஆர்தர் பிராட் வார்னர் 1927இல் அங்கே ஒரு மின் பிரேக் நிறுவனத்தைத் தொடங்கினார். அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. டிரம்முக்குள் வளைந்த இரண்டு பிரேக் ஷூக்கள் இருக்கும். அவற்றுக்கு மேலே கீலில் தொங்கும் ஒரு லீவர். லீவரின் கீழ்நுனியில் ஒரு மின்காந்தம். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம், சுழலும் டிரம்மின் உட்புறத் தட்டையான முகத்தில் போய் ஒட்டும். டிரம் சுற்றுகிற திசையில் அது இழுபட, லீவர் சாய்ந்து முன்பக்க ஷூவை டிரம்மோடு அழுத்தும். அந்த ஷூ உராய்வில் இழுபட்டுப் பின்பக்க ஷூவை இன்னும் பலமாக நெருக்கும். ஆக, காந்தம் செய்வது தொடக்கி வைக்கும் வேலை மட்டுமே. நிறுத்தும் விசையில் பெரும்பங்கு சக்கரத்தின் சுழற்சியிலிருந்தே கிடைக்கிறது. ஒரு காந்தத்துக்கு ஏறத்தாழ மூன்று ஆம்பியர் போதும் என்பதன் ரகசியம் இதுதான். இடப்பக்க பிரேக்கை வலப்பக்கம் மாட்டினால் ஷூக்களின் வரிசை தலைகீழாகிப் பிடிப்பு குறைந்துபோவதற்கும் காரணம் இதுவே. பின்னோக்கிப் போகும்போது இந்த பிரேக் மந்தமாகப் பிடிப்பதும் இயல்பு. அதைப் பழுதென்று எண்ணிக் கழற்ற வேண்டாம்.

ஐரோப்பாவில் வேறு வழி. அங்கே கேரவன் எனப்படும் பயண டிரெய்லரின் பிரேக்குக்கு மின்சாரம் வேண்டாம். கார் வேகம் குறையும்போது பின்னாலிருந்து கேரவன் முட்டும் அழுத்தமே, இணைப்புத் தண்டு வழியாகக் கம்பியை இழுத்து பிரேக் போடுகிறது. எளிமையான ஏற்பாடு, வண்டிக்குள் எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் டிரெய்லர் ஆடத் தொடங்கும்போது அதன் பிரேக்கை மட்டும் தனியாகப் போட அதில் வழியில்லை. எடை மூன்றரை டன்னைத் தாண்டினால் அந்த முறைக்கு ஐரோப்பிய விதிகளில் இடமும் இல்லை. அமெரிக்காவில் படகு டிரெய்லர்களுக்கு இதே முட்டு பிரேக்கைத்தான் விரும்புகிறார்கள், ஏனெனில் அவை அடிக்கடி தண்ணீரில் இறங்குபவை. கனமான பயண டிரெய்லர்களுக்கு மின் பிரேக் நிலைத்ததற்குக் காரணம், ஓட்டுநரின் கையில் தனிக் கட்டுப்பாடு இருப்பதுதான்.

எந்த எடையிலிருந்து பிரேக் கட்டாயம் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். கலிபோர்னியாவில் முகாம் டிரெய்லர்களுக்கு 1,500 பவுண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 1,360 கிலோ. ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும். டொரன்டோ பக்கம் டிரெய்லர் வாங்கும் நம்மவர்கள் அந்த 1,360 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது காலி எடை அல்ல, சாமானும் சேர்ந்த எடை.

கன்ட்ரோலர்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று நேரத்தைக் கணக்கிடுவது. பிரேக் விளக்கு எரிந்ததும், நாம் மிதித்தது மெதுவாகவா வேகமாகவா என்று பாராமல், முன்பே வைத்த அளவுக்கு மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும். மற்றொன்று வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்ப அனுப்புவது. டெகோன்ஷா நிறுவனத்தின் புரோடிஜி வரிசை இந்த இரண்டாம் குடும்பத்தில் பெயர் பெற்றது. ஃபோர்டு 2005ஆம் ஆண்டின் சூப்பர் டியூட்டி வண்டிகளிலிருந்து கன்ட்ரோலரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியது. பிறகு மற்ற பிக்கப் நிறுவனங்களும் அதே வழியில் வந்தன. நேரக் கணக்குக் கருவி விலை குறைவு, பொருத்துவதும் சுலபம். அப்படியிருந்தும், குடும்பத்தோடு மலைச் சாலையில் போகிறவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிக்னலில் மெல்ல நிற்பதும் எதிரே மான் குறுக்கிட்டு அழுத்தி மிதிப்பதும் அதற்கு ஒன்றுதான்.

கருவி எதுவானாலும் அதன் அளவை டிரெய்லருக்கேற்ப வைப்பது ஓட்டுநரின் வேலை. முதலில் சில முறை பிரேக் போட்டு டிரம்களைச் சற்றே சூடாக்க வேண்டும். பிறகு காய்ந்த, சமதளமான தார்ச் சாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், மணிக்கு 20 முதல் 25 மைல் வேகத்தில் போய், வண்டியின் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் முழுதாகத் தள்ள வேண்டும். டிரெய்லரின் சக்கரம் நின்று தரையில் தேய்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இழுப்பே தெரியாவிட்டால் கூட்ட வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்பு நிற்கும் அளவே சரியானது. பூட்டிக்கொண்ட சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும்; டிரெய்லர் வளைந்து குறுக்கே வர அதுவே போதும். முழு லோடு ஏற்றிய டிரெய்லரில் எவ்வளவு கூட்டினாலும் சில சமயம் சக்கரம் பூட்டாது. இழுப்பு நன்றாக இருந்தால் அதைக் குறையென்று கருத வேண்டாம். தண்ணீர்த் தொட்டி நிரம்பியபோது ஓர் அளவு, காலியானபோது வேறோர் அளவு. மழைச் சாலைக்கும் ஜல்லிச் சாலைக்கும் இன்னும் குறைவு. ஒருமுறை வைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்துபோவதற்கு இது உரியதல்ல.

இந்த இடத்தில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நான்கு பிரேக்குகளில் ஒன்று செத்துப்போனால் ஓட்டுநருக்குப் பின்னால் இழுப்பு சற்றுக் குறைந்ததாகத் தோன்றும். உடனே கை கன்ட்ரோலருக்குப் போகும்; எண்ணை ஒரு படி ஏற்றினால் பழைய இழுப்பு திரும்பிவிடும். செத்த பிரேக் உயிர்த்துவிடவில்லை. அதன் வேலையை மற்ற மூன்றும் சுமக்கின்றன. அவை அதிகம் சூடாகும், விரைவில் தேயும், அவசரத்தில் மிதிக்கும்போது முதலில் பூட்டிக்கொள்ளும். அளவைக் கூட்ட வேண்டிய தேவை காரணமின்றி வந்தால், அதைப் பழுதின் முதல் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழுது எங்கே இருக்கும்? வயரில் தேடத் தொடங்குங்கள். டிரெய்லரின் நீல வயர் பிரேக்குக்கானது. வெள்ளை வயர் எர்த். நான்கு காந்தங்களுக்குச் சேர்த்து 12 ஆம்பியர் ஓட வேண்டும். கன்ட்ரோலரிலிருந்து அச்சுவரை 40 அடி, திரும்பி வர 40 அடி என்று வைத்துக்கொள்வோம். 16 கேஜ் செம்பு வயருக்கு ஆயிரம் அடிக்குச் சுமார் 4 ஓம் தடை. 80 அடிக்கு 0.32 ஓம். பன்னிரண்டு ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். அதே தூரத்துக்கு 10 கேஜ் வயர் போட்டால் இழப்பு ஒரு வோல்ட்தான். காந்தத்தின் பிடிப்பு அதன் வழியே ஓடும் ஆம்பியரைப் பொறுத்தது. அதனால் மெல்லிய வயர் என்பது பலவீனமான பிரேக். சில ரூபாய் மிச்சத்துக்காக இதில் கைவைக்கும் தயாரிப்பாளர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எர்த் வயர் இன்னும் கூடுதலாகப் புறக்கணிக்கப்படுகிறது. போகிற மின்சாரம் திரும்பி வர வேண்டும் என்பதை மறந்து, வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் உருண்டையின் தொடுதலையே எர்த்தாக நம்பி ஓடும் டிரெய்லர்கள் உண்டு. கிரீஸும் துருவும் படிந்த உருண்டை வழியே 12 ஆம்பியர் ஒழுங்காகத் திரும்பாது. பிளக்கிலிருந்து அச்சுவரை தனி வெள்ளை வயர் தடிமனாகப் போக வேண்டும். இன்னொரு வழக்கமான நோய் அச்சுக் குழாய்க்குள் இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்கு வயரை வெற்று இரும்புக் குழாய்க்குள் விட்டுவிடுகிறார்கள். குலுங்கிக் குலுங்கி உறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொடும். வண்டி நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். குழியில் விழுந்தால் மட்டும் கன்ட்ரோலர் கோளாறு காட்டும். இந்த வந்துபோகும் பழுதைத் தேடி வாரக்கணக்கில் அலைவதைவிட, வயரைக் குழாய்க்கு வெளியே உறையிட்டுக் கட்டிவிடுவது நல்லது. அமுக்கி மட்டும் விட்ட இணைப்புகளை வெட்டி எறிந்து, சாலிடர் வைத்தோ, சூட்டில் சுருங்கும் உறையுள்ள இணைப்பி போட்டோ தண்ணீர் புகாமல் மூடுவதும் அதே வேலையோடு முடிந்துவிடும்.

ஒரே ஒரு கருவி வாங்குவதென்றால், நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். டிரெய்லரின் முன்பக்கத்தில் நீல வயரைச் சுற்றி அதைப் பிடித்து, உள்ளே ஒருவரைக் கை லீவரை முழுதாகத் தள்ளச் சொல்லுங்கள். பத்து அங்குலம் அல்லது பன்னிரண்டு அங்குல டிரம் நான்கு இருந்தால் 12 ஆம்பியர் அளவில் காட்ட வேண்டும். ஒன்பது காட்டினால் ஏதோ ஒரு சக்கரம் முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்கிறது. நான்கு சக்கரத்திலும் சமமாகக் குறைந்திருந்தால் குற்றவாளி பொதுவான வயர் அல்லது எர்த். ஒரு காந்தத்தைத் தனியாகப் பிரித்து அளந்தால் 3.2 ஓம் அளவில் இருக்க வேண்டும்; அதன் வயருக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு தெரிந்தால் காந்தம் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. மீட்டர் இல்லாதபோது சக்கரத்தின் அருகே திசைகாட்டி ஒன்றை வைத்து முள் திரும்புகிறதா என்று பார்க்கும் பழக்கமும் உண்டு. அது காந்தம் உயிரோடிருப்பதைச் சொல்லும்; எவ்வளவு பலம் என்பதைச் சொல்லாது. இனி முக்கியமான சந்தர்ப்பம்: மீட்டர் 12 காட்டுகிறது, பிரேக்கோ பிடிக்கவில்லை. அப்படியானால் மின்சாரத்தில் குறை இல்லை, டிரம்முக்குள் இருக்கிறது.

டிரம்முக்குள் முதல் எதிரி கிரீஸ். சக்கர பேரிங்குகளை ஆண்டுக்கு ஒருமுறையோ 12,000 மைலுக்கு ஒருமுறையோ கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும் என்பது அச்சுத் தயாரிப்பாளர்கள் சொல்லும் பொது விதி. இந்த வேலையைக் குறைக்க, அச்சின் நுனியில் கிரீஸ் கன் வைத்து அடிக்கும் வசதி இப்போது பல டிரெய்லர்களில் வருகிறது. கிரீஸ் அச்சின் உள்துளை வழியே போய்ப் பின்பக்க பேரிங்கைத் தாண்டி முன்னால் வர வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சுற்றிக்கொண்டே, மெதுவாக அடித்தால் அது நடக்கும். அவசரமாக அடித்தால் கிரீஸ் பின்பக்க சீலைப் பிதுக்கிக்கொண்டு நேரே ஷூக்களின்மேல் போய்ப் படியும். வெளியிலிருந்து பார்க்கும்போது எதுவும் தெரியாது. பராமரிப்பு செய்த மனநிறைவோடு உரிமையாளர் புறப்பட்டுப் போவார். கையால் கழற்றிக் கிரீஸ் வைக்கிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு: ஆண்டுக்கொருமுறை ஷூவையும் காந்தத்தையும் சீலையும் கண்ணால் பார்த்துவிடுகிறார். அதனால் கிரீஸ் கன்னைவிடக் கழற்றிப் பார்ப்பதையே நான் சொல்வேன். கிரீஸ் ஊறிய லைனிங்கை, அதாவது ஷூவின்மேல் உள்ள உராய்வுப் பட்டையை, ஸ்ப்ரே அடித்துத் துடைத்து மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். லைனிங் கிரீஸை உறிஞ்சிவிடும்; சூடானதும் அது மீண்டும் மேலே வரும். அதை மாற்றுவது தவிர வேறு வழி இல்லை. ஒரு பக்கம் மாற்றினால் அதே அச்சின் மறுபக்கத்தையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இழுப்பு ஒருபுறம் சாயும்.

அடுத்தது ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி. லைனிங் தேயத் தேய இடைவெளி பெரிதாகும். லீவர் அதிக தூரம் சாய வேண்டியிருக்கும். பிரேக் தாமதித்துப் பிடிக்கும். புதிய டிரெய்லரில் முதல் 200 மைலிலும் பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறையும் இதைச் சரிசெய்யச் சொல்கிறது டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேடு. டிரெய்லரை அச்சில் ஜாக்கி வைத்துத் தூக்கக் கூடாது. சட்டத்தில் வைக்க வேண்டும். பின்தகட்டின் கீழே ரப்பர் மூடியிட்ட துளை ஒன்று இருக்கும். அதன் வழியே ஸ்க்ரூடிரைவரை விட்டு, பற்கள் கொண்ட சிறு சக்கரத்தைத் திருகி, கையால் டிரம்மைச் சுற்றுவது மிகக் கடினமாகும்வரை ஷூக்களை விரிக்க வேண்டும். பிறகு எதிர்த்திசையில் திருகி, லேசான உரசலோடு சக்கரம் தாராளமாகச் சுற்றும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நான்கிலும் ஒரே அளவு உரசல் இருப்பது முக்கியம். முன்னோக்கிப் போகும்போது போடும் பிரேக்கிலேயே தானாகச் சரியாகிக்கொள்ளும் வகைகள் இப்போது பெருகிவிட்டன. அவற்றுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்போகாது.

கழற்றிய நேரத்தில் பார்க்க வேண்டியவை சில உண்டு. லைனிங் பதினாறில் ஒரு அங்குலத்துக்குத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். வெப்பத்தால் வந்த மயிரிழை வெடிப்புகள் சாதாரணம். காந்தத்தின் முகத்தில் செம்புச் சுருள் எட்டிப் பார்த்தால் அதன் ஆயுள் முடிந்தது. முகம் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் அப்படியே. காந்தம் ஒட்டும் டிரம் முகத்தில் ஆழமான கோடுகள் இருந்தால் லேத்தில் மழிக்கலாம், ஆனால் 0.030 அங்குலத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பிரேக் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஷூ, காந்தம், ஸ்பிரிங் எல்லாம் கோர்த்த முழுத் தொகுதியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. நான்கு போல்ட்டுகள் அல்லது ஐந்து, இரண்டு வயர்கள், அவ்வளவுதான். பத்தாண்டு ஓடிய டிரெய்லரில் உதிரியாக மாற்றிக்கொண்டிருப்பதைவிட இதுவே எனக்குப் பிடித்த வழி.

புதிய ஷூவும் புதிய காந்தமும் போட்ட முதல் நாளே முழுப் பிடிப்பை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று பழக வேண்டும். நாற்பது மைல் வேகத்திலிருந்து இருபதுக்கு, டிரெய்லரின் பிரேக்கைக் கொண்டு பல முறை குறைக்கும்படி கையேடு சொல்கிறது. ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஆற விட வேண்டும். பனிக்காலம் முழுவதும் நின்றிருந்த டிரெய்லரின் டிரம் முகத்திலும் துரு படிந்திருக்கும். வசந்தத்தின் முதல் பயணத்துக்கு முன் ஊருக்குள்ளேயே சில முறை இப்படிச் செய்துவிட்டு, அதன் பிறகு கன்ட்ரோலர் அளவை வைப்பதுதான் முறை.

இத்தனையும் ஒழுங்காக இருந்தாலும் மலை இறக்கம் தனிக் கணக்கு. ஓரிகான் மாநிலத்தில் ஐ-84 நெடுஞ்சாலை கேபேஜ் ஹில்லில் ஆறு மைல் தூரத்துக்குள் 2,000 அடி இறங்குகிறது. மூன்று டன் டிரெய்லர் அந்த 600 மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல், ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அதை முழுவதும் டிரம்கள் ஏற்றால் அவை சூட்டில் விரியும், ஷூக்களுக்கு எட்டாமல் விலகும், லைனிங்கின் உராய்வும் விழும். அப்போதும் கன்ட்ரோலரின் திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடித்து, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமாகப் போட வேண்டும். அடிவாரத்தில் நிறுத்தி நான்கு ஹப்புகளின் சூட்டையும் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் பார்ப்பது மிகச் சிறந்த சோதனை. மூன்று கொதித்து ஒன்று குளிர்ந்திருந்தால் எது வேலை செய்யவில்லை என்பது தெரிந்துவிடும்.

டிஸ்க் பிரேக் இந்த வெப்பச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கும். கன்ட்ரோலரின் மின்சைகையை வாங்கி, டிரெய்லரிலேயே உள்ள மோட்டார் ஒன்று சதுர அங்குலத்துக்கு 1,600 பவுண்டு அழுத்தத்தில் பிரேக் ஆயிலைத் தள்ளும். நின்றுபோகும் தூரம் குறையும், மிதியின் உணர்வும் சீராகும். செலவு அதிகம், கன்ட்ரோலர் அதற்குப் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். ஐந்து டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லரோடு மலைநாடுகளில் திரிபவர்களுக்கு அது தகும். மூன்று டன் டிரெய்லருக்கு, ஒழுங்காகப் பராமரித்த டிரம்மே போதும். டெக்ஸ்டர், லிப்பர்ட் நிறுவனங்கள் டிரெய்லர்களுக்கு ஏ.பி.எஸ். கொண்டுவந்திருக்கின்றன. சக்கரம் பூட்டுவதை அது தடுக்கும். ஆனால் அதுவும் அறுந்த வயரிலோ கிரீஸ் ஊறிய ஷூவிலோ பிடிப்பை உண்டாக்காது.

கடைசியாக, கன்ட்ரோலருக்கே வேலையில்லாத ஒரு நிலை இருக்கிறது. ஹிட்ச் கழன்று டிரெய்லர் தனியே போய்விட்டால், வண்டியோடு கட்டிய கம்பி ஓர் ஊசியைப் பிடுங்கும். உடனே டிரெய்லரின் சொந்த பேட்டரி முழு மின்சாரத்தையும் காந்தங்களுக்கு அனுப்பும். ஆஸ்திரேலிய விதிப்படி இரண்டு டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லரில் இந்தப் பிடிப்பு 15 நிமிடமாவது நிற்க வேண்டும். பேட்டரி செத்திருந்தால் இந்த ஏற்பாடே இல்லை என்று பொருள். கம்பியைப் பாதுகாப்புச் செயினிலோ கழற்றக்கூடிய உருண்டைத் தண்டிலோ மாட்டாமல், வண்டியின் சட்டத்தில் மாட்ட வேண்டும். சோதிக்கும்போது டிரெய்லர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஊசியை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கன்ட்ரோலர் கெடலாம். சில விநாடிகளில் ஊசியைத் திரும்பச் சொருகிவிட வேண்டும், நிறுத்தி வைக்கும் பிரேக்காக அதைப் பயன்படுத்தினால் காந்தங்கள் சூடாகிப் பேட்டரியும் இறங்கிவிடும். பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் கூரை ஒழுகுகிறதா, குளிர்பெட்டி ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, விற்பவரிடம் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கச் சொல்லி, அதைக் கையால் சுற்றிவிட்டு, இந்த ஊசியை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கும் நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த டிரம்மைக் கழற்றிப் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.